சிரசு நீங்கிய முத்திரைகள்

பழைய இலங்கை முத்திரைத் தொடர்களுள் எது அழகிற் சிறந்தது என்று, மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள அமிர்தகழியில் அல்பங்களை விரித்துவைத்து அமரும் ரசிகர்களிடையே வாதம் எழும்போதெல்லாம், பெரும்பாலோர் 1935ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய சித்திரத் தொடரின் பக்கமே சாய்வர். அதில் நியாயம் இல்லாமலில்லை. உலோகத் தகட்டிலே ரேகை ரேகையாகக் குடைந்து, அக்குழிகளில் தங்கிய மையைத் தாளுக்கு ஏற்றும் அச்சுமுறையில் அமைந்த அத்தொடரில், செந்நிறச் சட்டத்தினுள்ளே றப்பர் பால் வெட்டும் காட்சி தாங்கிய 2 சத முத்திரையையும், ஊதாச் சட்டத்தினுள்ளே காட்டு யானைகள் நிற்கும் 50 சத முத்திரையையும் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கினால், கருமையின் அடர்த்தியும் மென்மையும் ரேகைகளின் நெருக்கத்தினாலும் ஆழத்தினாலும் விளைந்த விந்தை புலனாகும்.

ஆயினும், அச்சித்திரம் ஒவ்வொன்றிலும் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் சிரசு தனக்கென ஓரிடத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது. 1938இல் ஆறாம் ஜோர்ஜின் சிரசு அவ்விடத்துக்கு வந்தபோதும், காட்சிகள் பல மாறவில்லை. காட்சிக்கு உரிய இடமும் விரியவில்லை.

என் மனம் தோய்வது சுதந்திரத்தின் பின்னர், 1950 முதல் 1954 வரையில் வெளிவந்த தொடரிலேதான். மன்னர் சிரசு நீங்கிவிட்டமையால் சித்திரம் தன் அரங்கைத் தானே ஆள்கிறது. ஊதாவும் சிவப்புமாய் 4 சதத்தில் ஆடும் கண்டி நடனக்காரனுக்கு அங்கே கைகால் வீச இடமுண்டு. பக்கத்தில் மிதவைக்கட்டை பிணைத்த தோணி தாங்கிய 50 சத முத்திரையை வாவிக்கரையார் எளிதிற் கடந்து செல்லமாட்டார். 2 ரூபா முத்திரையிலோ, அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு உட்பட்டிருந்த இங்கினியாகலையிலே பட்டிப்பளை ஆற்றை மறித்தெழுந்த அணைக்கட்டே விஷயமாயிற்று.

எனினும், இத்தொடரின் சூட்சுமம் 35 சத ஓர்க்கிட் மலர் முத்திரையிலே இருக்கிறது. 1952இல் வெளிவந்த அதன் முதல் அச்சிலே தமிழ் எழுத்தொன்றின் மேல் இருக்கவேண்டிய புள்ளி இல்லை. 1954இல் அப்புள்ளி இடப்பட்டது. சேகரிப்போர் இவற்றை இரு வகைகளாகப் பிரித்து இரண்டையும் தேடுவர். மலருக்கு வர்ணம் எத்துணை அவசியமோ, எழுத்துக்குப் புள்ளியும் அத்துணை அவசியம் என்று கருதும் ரசிகனுக்கோ, பிந்திய அச்சே பூரணமானது.