தூதும் அழைப்பும்: தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் உபதேசியார்

பெங்களூரு பிரேசர் டவுனுக்கு அணித்தே, மில்லர்ஸ் சாலையில், ஐக்கிய இறையியல் கல்லூரி 1910ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. தென்னிந்தியாவில் தனித்தனியே இயங்கிவந்த புராட்டஸ்டண்டு மிஷன்கள் சில, தம் போதகர்களை ஒரே கூரையின்கீழ்ப் பயிற்றுவிக்கக் கருதி நிறுவிய கல்லூரி அது. அதனைச் சூழ்ந்த பகுதிகளில் தமிழ் பேசுவோர் மிகுதி. 1809 முதல் கண்டோன்மெண்டிற்குப் படையோடும் படையை நம்பிய தொழில்களோடும் வந்து குடியேறியவர்களின் வழியினர் அவர்களுள் பலர். கல்லூரியின் பயிற்றுமொழியோ ஆங்கிலம். தமிழர்க்குப் போதிக்க அழைக்கப்பெற்றவன் பிறமொழியில் பயின்று அனுப்பப்பெறும் இந்நிலை அங்குப் புதிதாகத் தோன்றியதன்று. போதகரின் அழைப்பையும் அனுப்புதலையும் பேசும் தமிழ் நூல்களில் இருநூறு ஆண்டுகளாகத் தீராமல் நின்ற ஒரு முரணின் இன்னொரு வடிவம் அது.

அம்முரணை விளங்கிக்கொள்ளத் திருக்குறளின் 69ஆம் அதிகாரம் துணைசெய்கிறது. தூது என்னும் அவ்வதிகாரத்திற்கு உரைகண்ட பரிமேலழகர், தான் வகுத்துக் கூறுவான் எனவும் கூறியது கூறுவான் எனவும் தூதரைப் பிரிப்பார். முன்னவன் இடமும் காலமும் கேட்போர் மனமும் அறிந்து தானே சொல்லை ஆக்குபவன். பின்னவன் தலைவன் சொன்னதைப் பிறழாது சென்று உரைப்பவன். இருவருமே அரசனால் தேர்ந்து விடுக்கப்படுவோர். தூதனின் அன்பும் அறிவும் அஞ்சாமையும் பேசப்படுகின்றனவேயன்றி, அவன் உள்ளத்தில் எழும் அழைப்பு ஒன்று பேசப்படவில்லை. கிறித்தவ மரபு சேர்த்தது இவ்வழைப்பையே. பவுல் அடிகளார் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தில் நம்பிக்கையைக் கேள்வியோடும், கேள்வியை அறிவிப்போனோடும், அறிவிப்போனை அனுப்புதலோடும் சங்கிலியாகப் பிணைத்துச் செல்வார். அச்சங்கிலியின் கடைசிக் கண்ணில் அனுப்புபவர் இறைவனா, திருச்சபையா என்ற வினா எஞ்சி நிற்கிறது. தமிழகத்தில் அவ்விடத்தில் நின்றவர் பெரும்பாலும் மிஷனரி. அனுப்பப்பட்டவர் அவரிடம் ஊதியம் பெற்ற உபதேசியார்.

இவ்வுபதேசியாரைப் பற்றித் தமிழில் எழுந்த விரிவான நூல் வீரமாமுனிவரின் வேதியர் ஒழுக்கம் (1727). இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இந்நூலை அம்முனிவரின் உரைநடைச் சிறப்புக்குச் சான்று காட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். இது குறையே. நூலின் நடையை அதன் பொருளிலிருந்து பிரித்துப் பாராட்ட இயலாது. மதுரை மிஷனில் குருமார் மிகச் சிலர், ஊர்களோ பல. குரு வந்து போகும் நாட்களுக்கு இடைப்பட்ட நெடுங்காலம் முழுவதும் செபம் கற்பித்தல், நோயாளியைத் தேற்றுதல், இறக்கும் நிலையில் உள்ள குழந்தைக்குத் திருமுழுக்களித்தல், இறந்தோரை அடக்குதல் ஆகிய அனைத்தும் உபதேசியார் தலையில் விழுந்தன. நூலின் நெடிய தொடர்கள், எச்சங்களை அடுக்கி அடுக்கிச் செல்லும் வாக்கியங்கள், குரு அருகில் இல்லாதபோதும் அவர் குரல் உபதேசியாரின் செவியில் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும் என்னும் நோக்கில் அமைந்தவை. அறிவுறுத்தலே அந்நடையின் உயிர்.

நூற்பெயர் தனியே எண்ணத்தக்கது. வேதியர் என்பது தமிழில் அந்தணரைக் குறித்துவந்த சொல். அதனைக் குருப்பட்டம் பெறாத உபதேசியார்க்கு வழங்கியபோது பதவியின் மாண்பு ஒரே சொல்லில் உயர்ந்தது. ஆயினும் உயர்ந்தது பதவியே. பதவியில் இருந்தவரின் குரல் நூலில் இல்லை. ஒழுக்கம் உரைக்கப்படுகிறது, ஒழுகுபவர் பேசுவதில்லை. நூல் அவரைக் கூறியது கூறுவானாகவே வடிக்கிறது. அவர் செய்த வேலையோ வகுத்துக் கூறுவான் வேலை.

தரங்கம்பாடியில் இதே முரண் சாதியின் உருவில் வெளிப்பட்டது. கடலூரைச் சார்ந்த ஆரோன் 1733 டிசம்பரில் அங்குக் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் புராட்டஸ்டண்டு போதகராக அபிஷேகம் பெற்ற முதல்வர் அவர். அவர் காலத்தவரான இராசநாயக்கன், தஞ்சை மன்னர் படையில் சேவகராயிருந்து, கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டண்டு சபைக்கு வந்தவர். தஞ்சைப் பகுதியில் பெரும்பணி ஆற்றியவர். அடுத்த போதகரைத் தேர்ந்தபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. பறையர் குலத்தில் பிறந்தவர் கையால் நற்கருணை பெற வேளாளக் கிறித்தவர் இசையார் என்ற அச்சம் மேலோங்கியது. 1741இல் தியோகு அபிஷேகம் பெற்றார். இராசநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். அழைப்பு அவருக்கு இருந்ததை மிஷனரிகள் ஐயுறவில்லை. அனுப்பவும் தயங்கவில்லை. இடையில் நின்ற பட்டமே மறுக்கப்பட்டது. உபதேசியார்களின் பணிக் குறிப்புகள் பல ஹாலே நகரில் ஜெர்மன் மொழியில் அச்சாயின என்பதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். அவர்கள் சொல் அவர்களை அனுப்பியோரின் மொழி வழியாகவே உலகம் சேர்ந்தது. 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைப் பணியில் அமர்ந்த சத்தியநாதனின் தமிழ்ப் பிரசங்கமும் 1792இல் இலண்டனில் ஆங்கிலமாகவே வெளிவந்தது.

இம்முரணைக் கவிதையாக்கியவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவருடைய பெத்லகேம் குறவஞ்சி, திருச்சபையைத் தலைவியாக்கிக் குறி சொல்லும் குறத்தியை விசுவாசமாக உருவகிக்கிறது. பறவை பிடிக்கும் சிங்கன் குருவாகிறான். அவனுக்கு உதவும் நூவன் உபதேசியாராகிறான். மீன் பிடித்தோரை மனிதரைப் பிடிப்போர் ஆக்கிய விவிலிய உருவகம் வலையையும் புள்ளையும் ஏற்றுத் தமிழ்ச் சிற்றிலக்கிய மரபுக்குள் இயல்பாக வந்து அமர்கிறது. சாஸ்திரியாரின் கவித்திறனுக்கு இவ்விடம் ஒன்றே போதும். ஆயினும் மரபு தன் கட்டமைப்பையும் உடன் கொண்டுவந்தது. குற்றாலக் குறவஞ்சி போன்றவற்றில் நூவன் சிங்கனின் எடுபிடி, நகைக்கு இடமானவன். அவ்வேடத்தை உபதேசியாருக்கு அணிவித்தபோது குருவுக்கும் அவருக்கும் இடைப்பட்ட ஏற்றத்தாழ்வு கலையழகு பெற்றது, கேள்விக்கு உள்ளாகவில்லை. 1820களின் இறுதியில் திருச்சபைக்குள் சாதி வழக்கங்களைக் காத்து எழுதியவரும் இவரே. அதற்காகக் குறவஞ்சியின் கவிதையைத் தாழ்த்துதல் நேர்மையாகாது. நூவன் ஏன் நூவனாகவே நிற்கிறான் என்ற வினாவை அழகு மறைத்துவிடவும் கூடாது. குருப்பட்டம் பெறாத சாஸ்திரியார், தாம் பாடிய வாழ்வில் வகுத்துக் கூறுவானாகவே விளங்கினார் என்பது இவ்விடத்துச் சுவையான முரண்.

அனுப்பப்பட்டோரே அனுப்புவோரானது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1903இல் வே. சா. அசரியா முதலியோர் நிறுவிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்குத் தமிழரை அனுப்பியது. அவர்கள் தெலுங்கு கற்றுப் போதித்தனர். பெங்களூருக் கல்லூரி தோன்றிய அதே 1910இல், எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அசரியா, மிஷனரிகள் தலைவராயன்றி நண்பராய் வரவேண்டும் என வற்புறுத்தினார். தூதைப் பெற்றுக்கொண்டவர் தூதனின் உறவுமுறையைத் திருத்தக் கேட்ட நிகழ்ச்சி அது.

கல்லூரியின் தொடக்கக் காலத்தில் முதல்வராயிருந்த டென்மார்க்கு நாட்டவர் எல். பி. லார்சன், பின்னர்த் தமிழ் விவிலியத் திருத்தத்தில் முழுதும் ஈடுபட்டார். ஜி. எஸ். துரைசாமி உடன் உழைத்தார். ஆங்கிலத்தில் போதகரை உருவாக்கிய ஆசிரியர் அப்போதகர் கையில் இருக்கவேண்டிய தமிழைச் செப்பம் செய்ய முனைந்தது ஒருவகைக் கடன்தீர்ப்பு எனலாம். 1936இல் முழுமையாக வெளிவந்த அத்திருத்தம் புலமையோர் மதிப்பைப் பெற்றும் சபையார் நாவில் ஏறவில்லை. 1871ஆம் ஆண்டு ஐக்கியத் திருப்புதலின் ஓசை அவர்கள் மனப்பாடத்தில் ஊறியிருந்தது. இத்தோல்வியை மக்களின் பழமைப்பற்று எனத் தள்ளிவிடுவோர், மனப்பாடமே உபதேசியாரின் கருவியாய் இருந்ததை மறக்கின்றனர். அவர் நூறாண்டாகக் கற்பித்த பாடம் அவரைப் பயிற்றுவித்தோரின் திருத்தத்தைவிட வலிமையுடையதாயிற்று.

மதுரை அரசரடியில் 1969இல் அமைந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே போதகரைப் பயிற்றுவிக்கத் தொடங்கியபின் இம்முரண் ஒரு பகுதி தளர்ந்தது. சொல் அளவில் அது 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இன்னும் தளர்கிறது. அப்போஸ்தலர் என்பது அங்குத் திருத்தூதர் ஆகிறது. ஒலிபெயர்ப்பாய் நின்ற பதவிப்பெயர் தூது என்னும் வேரை அடைந்தவுடன், வள்ளுவரின் அதிகாரம் அதன் பின்னணியில் தானே வந்து நிற்கிறது. இன்று புலிகேசி நகர் எனப் பெயர் மாறியுள்ள பிரேசர் டவுனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கத்தோலிக்கத் தமிழர் திருத்தூதர் என்பதைக் கேட்கின்றனர்; தென்னிந்தியத் திருச்சபைத் தமிழர் அப்போஸ்தலர் என்பதைக் கேட்கின்றனர். அங்குள்ள இளையோருள் தமிழ் பேசினும் எழுத்தறியாதார் உண்டு. அவர்களுக்கு இரண்டும் செவிவழிச் சொற்களே. பொருளை வகுத்துக் கூறும் வேலை மீண்டும் போதகரிடமே வருகிறது. உபதேசியார் என்னும் சொல் திருநெல்வேலிச் சபைகளிலும், வேதியர் என்னும் சொல் கத்தோலிக்க ஊர்ப்புறங்களிலும் இன்னும் வழங்குகின்றன.