கொங்கு வட்டார நூல்களும் அச்சு வாசிப்புத் தடை உடையோரும்: அணுகலாக்கத்தில் பாடத்திருத்தத்தின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

பழைய நூல்களை எண்மமாக்குவதும் அவற்றை அச்சு வாசிப்புத் தடை உடையோருக்கு உரியனவாக்குவதும் ஒன்றே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றன. இவை வேறுவேறு பணிகள் என்பதையும், வட்டார இலக்கியத்தைப் பொறுத்தவரை அணுகலாக்கம் ஒரு பதிப்புப் பணியே என்பதையும் கொங்கு வட்டார நூல்களை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

குறிப்புச் சொற்கள்: அச்சு வாசிப்புத் தடை, திரைவாசிப்பான், எழுத்துணரி, பாடத்திருத்தம், கொங்கு வழக்கு.

முன்னுரை

பார்வையற்றோர், குறைபார்வை உடையோர், டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புக் குறைபாடு உடையோர், உடலியக்கத் தடையால் நூலைப் பிடிக்கவோ பக்கத்தைப் புரட்டவோ இயலாதோர் ஆகிய அனைவரும் அச்சு வாசிப்புத் தடை உடையோர் ஆவர். இவர்களுக்காக நூல்களை மாற்று வடிவில் ஆக்கிக்கொள்ள 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் வழிவிட்டது. 2013இல் உருவான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. ஆகவே, அனுமதியின்மை இன்று முதன்மைத் தடையன்று. வாசிக்கத்தக்க பாடம் இன்மையே தடை.

படமும் பாடமும்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பல்லாயிரம் அரிய நூல்களைப் பொதுவெளிக்குக் கொணர்ந்துள்ளது. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை பக்கங்களின் ஒளிப்படங்கள். காண்போருக்கு அவை நூல்கள். திரைவாசிப்பானுக்கோ எழுத்தற்ற வெற்றுப் படங்கள். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் நூல்களை எழுத்துவடிவில் உள்ளிட்டமையால், அவற்றைக் குரலாகவும் பிரெயிலாகவும் மாற்ற இயல்கிறது. எண்ணிக்கையில் முன்னது பெரிது. அணுகலில் பின்னதே பயன் மிக்கது.

கணினியில் அச்சுக்கோக்கப்பட்ட நூல்களிலும் இச்சிக்கல் உண்டு. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினிக்குள் பொருளற்ற குறிகளாகவே அமைந்துள்ளன. 2010 சூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபோதுதான் ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துரு 16ஐயும் தமிழக அரசு தரமாக ஏற்றது. அதற்கு முன் வெளிவந்த பல நூல்களின் கணினிக் கோப்புகள் கிடைப்பினும், அவற்றைக் குறியாக்கம் மாற்றாமல் பயன்படுத்த இயலாது.

எழுத்துணரியின் பிழைகள்

படத்தை எழுத்தாக்கும் எழுத்துணரி தமிழில் இரண்டு இடங்களில் தடுமாறுகிறது. ஒன்று, 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள். றா, னா, லை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவங்கள் இன்றைய எழுத்துகளால் பழக்கப்பட்ட கருவிக்குப் புதியவை. மற்றொன்று, தமிழ் எண்கள். ஒன்றைக் குறிக்கும் ‘௧’ ககரமாகவும், இரண்டைக் குறிக்கும் ‘௨’ உகரமாகவும் படிக்கப்படலாம். கல்வெட்டு ஆண்டுகள் நிறைந்த வட்டார வரலாற்று நூலில் இப்பிழை நேரின், கேட்போருக்கு ஆண்டு மறைந்து வெற்றொலியே மிஞ்சும். காண்பவர் மூலப்பக்கத்தை நோக்கி ஐயம் நீங்கலாம். கேட்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை.

திருத்தமே பிழையாகும் இடம்

எழுத்துணரியின் பிழைகளைக் களையச் சொல்திருத்தியை நாடுவது வழக்கம். வட்டார இலக்கியத்தில் இதுவே பெரிய கேட்டை விளைக்கும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) தமிழின் முன்னோடி வட்டார நாவலாக மதிக்கப்படுவதற்கு அதன் கொங்கு மொழி முதன்மைக் காரணம். கொங்கு வழக்கில் ‘பொழுதோட’ என்பது மாலைவேளையைக் குறிக்கும். பொதுத்தமிழ் அகராதியைச் சார்ந்த கருவி அதனைப் ‘பொழுதோடு’ எனத் திருத்தின் பொருளே மாறிவிடும். உறவினரைக் குறிக்கும் ‘ஒறம்பரை’யை அக்கருவி அறியாது. ‘ஏனுங்’ என்னும் விளி, ஙகர மெய் சொல்லிறுதியில் வாராது என்னும் இலக்கண விதியால் பிழையெனத் தள்ளப்படும். இவ்வாறு திருத்தப்பட்ட நாவலில் கதை எஞ்சலாம். கொங்கு நாடு எஞ்சாது. பார்வையற்ற ஆய்வாளர் அப்பாடத்தைக் கொண்டு வட்டார வழக்கை ஆராய்ந்தால், அவர்தம் முடிவுகள் கருவியின் பிழையைச் சுமக்கும். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி போன்றவை திருத்தக் கருவிகளுக்கு அடிப்படையாதல் வேண்டும்.

ஒரு மறுப்பு

செம்மையான பாடத்துக்குக் காத்திருந்தால் வாசகர் நூலின்றியே காத்திருக்க நேரும், பிழையுள்ள நூலும் நூலில்லாமையினும் மேல் என வாதிடலாம். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பிழை உண்டு என்பதை வாசகருக்கு அறிவிக்காமல் வழங்குவது நியாயமன்று. ‘மெய்ப்புப் பார்க்கப்படாதது’, ‘மூலத்துடன் ஒப்பிடப்பட்டது’ என இருநிலைகளைக் குறித்து வழங்கின் விரைவும் நம்பகமும் ஒருங்கே அமையும்.

முடிவுரை

1951இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் முறை தமிழுக்கு உரிய குறிகளைத் தந்தது. திரைவாசிப்பான்கள் தமிழுக்குக் குரல் தந்தன. அவை வாசிக்கவேண்டிய பாடத்தைத் தரவேண்டியவர் தமிழாய்வாளர். கோவையில் 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்ட பெரியார் நூலகம் போன்றவற்றில் பிரெயில் பிரிவும் கருவிகளும் அமையலாம். ஒப்பிட்டுத் திருத்திய பாடமின்றி அவை பயன்தரா. கொங்கு இலக்கியத்தை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் ஒவ்வொரு முனைவர் பட்ட ஆய்வேட்டோடும், மூல நூல் ஒன்றின் ஒருங்குறிப் பாடத்தை மூலத்துடன் ஒப்பிட்டு நூலகத்துக்கு அளிக்கும் நடைமுறையைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கலாம். சுவடியிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொணர்ந்தோர் பாடவேறுபாட்டை எவ்வளவு பொறுப்புடன் நோக்கினரோ, அதே பொறுப்பு அச்சிலிருந்து ஒலிக்கும் பிரெயிலுக்கும் நூல்களைக் கொண்டுசெல்வோருக்கும் உண்டு.