4.7-ஐ முந்தும் 4.5

"அண்ணே, இது உங்ககிட்ட இருக்கிறதைவிட ஸ்பீடு கம்மி. யோசிச்சு வாங்குங்க." ரைசன் 7 5800எக்ஸ்3டி வாங்கப் போனபோது கடைத் தம்பி அக்கறையோடு சொன்னது இது. எண்களைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். என்னிடம் இருந்த 5800எக்ஸ் அதிகபட்சம் 4.7 கிகாஹெர்ட்ஸ், 2022-இல் வந்த இந்த 3டி 4.5தான். அடிப்படை வேகமும் 3.8-இலிருந்து 3.4-க்கு இறங்குகிறது. இரண்டிலும் எட்டு கோர்கள், அதே ஸென் 3 வடிவமைப்பு. ஆனால் எல்3 கேஷ் 32 மெகாபைட்டிலிருந்து 96-ஆக உயர்ந்திருக்கிறது. கூடுதல் 64 மெகாபைட்டைச் சிப்பின் முதுகில் இன்னோர் அடுக்காக ஒட்டியிருக்கிறார்கள்.

பழையதைக் கழற்றும் முன் ஒரு சோதனை செய்தேன். பயாஸில் அதன் கிளாக்கை முதலில் 3.6-இல் கட்டிப்போட்டு ஆடினேன், பிறகு 4.6-இல். சைபர்பங்க் 2077-ஐ 1440பி-யில், எல்லா அழகையும் ஏற்றி ஓட்டியபோது இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிராசசர் எத்தனை வேகமாக இருந்தும் பயனில்லை. 1080பி-க்கு இறக்கி, அழகைக் குறைத்த பிறகுதான் கிளாக் தன் வேலையைக் காட்டியது.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் கதை வேறு. பெருநகர விமான நிலையத்தில் தரையிறங்கும்போது படம் திக்கித் திக்கி நகரும். 4.6-இல் அது குறைந்தது, போகவில்லை. கிளாக் ஏறக்குறைய 28 சதவீதம் ஏறியும் ஃப்ரேம்கள் அந்த அளவுக்கு ஏறவில்லை.

காரணம் காத்திருப்பு. 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃப்ரேம் ஏழு மில்லிசெகண்டுக்குள் தயாராக வேண்டும். 4.6 கிகாஹெர்ட்ஸில் ஒரு கோருக்கு அதற்குள் சுமார் 3.2 கோடித் துடிப்புகள் கிடைக்கின்றன. தாராளம் என்று தோன்றும். ஆனால் தேவையான தரவு கேஷில் இல்லாவிட்டால் ரேமுக்குப் போக வேண்டும். போய்வர சுமார் 70 நானோசெகண்ட். அதாவது ஒவ்வொரு தடவையும் முந்நூறுக்கும் மேற்பட்ட துடிப்புகள் வீண். கிளாக்கைக் கூட்டினால் ரேம் சீக்கிரம் வந்துவிடாது, வீணாகும் துடிப்புகள்தான் கூடும். கொத்தனார் கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் சித்தாள் கல் கொண்டுவரும் வரை அவர் சாரத்தில் நிற்கத்தானே வேண்டும்? 3டி கேஷ் செய்வது, கல்லை முன்கூட்டியே சாரத்தில் அடுக்கி வைப்பது.

பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அதே ஏஎம்4 மதர்போர்டில் புதியதைப் பொருத்தினேன். அதே விமான நிலையம், அதே விமானம். திக்கல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. எனக்குச் சராசரி எஃப்பிஎஸ் ஏறியதைவிட இதுதான் பெரிய மகிழ்ச்சி. ஆடுபவரின் கை உணர்வது சராசரியை அல்ல, இடையில் விழும் அந்த ஓரிரு தாமதமான ஃப்ரேம்களை. ஃபேக்டோரியோவில் மாதக்கணக்கில் வளர்த்த பெரிய தொழிற்சாலையும் இப்போது இழுபறி இல்லாமல் ஓடுகிறது.

குறைகள் உண்டு. வீடியோ மாற்றும் வேலையில் பழையதே ஒரு படி முன்னே நின்றது. அங்கே கிளாக்தான் பேசும். மேலே ஒட்டிய அடுக்கு வெப்பத்தை மறிக்கிறது. மின்னழுத்தம் 1.35 வோல்ட்டைத் தாண்டாது, பெருக்கியைக் கூட்டி ஓவர்கிளாக் செய்யவும் வழியில்லை. கோடையில் நல்ல கூலர் இல்லாமல் இதை ஓட்டாதீர்கள்.

கிளாக்கே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. 2024-இல் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷ் அடுக்கைக் கோர்களுக்கு அடியில் கொண்டுபோனார்கள். வெப்பம் நேரே கூலருக்குப் போக, வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறியது, ஓவர்கிளாக்கும் திறந்தது. கேஷ் அதே 96. காத்திருப்பு தீர்ந்த இடத்தில் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் மதிப்பு வருகிறது.

உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ், கார்டு எப்போதும் 99 சதவீதம் என்றால் இந்தப் பணத்தைக் கார்டுக்கு வையுங்கள். ஏஎம்4 வைத்துக்கொண்டு சிமுலேட்டர்களில் திக்கலோடு போராடுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். தேடும்போது 5700எக்ஸ்3டி கண்ணில் பட்டால் அதையும் தள்ளிவிடாதீர்கள். அது 4.1 கிகாஹெர்ட்ஸ்தான், கேஷ் அதிலும் 96.