மானியமா, பாக்கியா?

"கலை தன் காலில் நிற்கட்டும், சர்க்கார் எத்தனை காலம் சுமக்கும்?" என்று படித்தவர்களே இப்போது பேசுகிறார்கள். சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருஷம் பேரேடு எழுதியவன் என்ற முறையில் எனக்கொரு சந்தேகம். சர்க்கார் கொடுப்பது மானியமா, பழைய பாக்கியா?

2001-இல் யுனெஸ்கோ கௌரவித்த கூடியாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கூத்தம்பலத்தில் ஆடிய சாக்கியாருக்கும் மிழாவு கொட்டிய நம்பியாருக்கும் கோயில் நெல்லும் நிலமும் கொடுத்தது. கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது (1811-14) திருவிதாங்கூரில் முந்நூறுக்கும் மேற்பட்ட கோயில்களின் சொத்து சர்க்காரோடு சேர்ந்தது. மிச்சமிருந்த குத்தகை வரும்படி, 1970 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தோடு போயிற்று. அந்தச் சட்டம் நியாயமானதுதான். உழுதவனுக்கு நிலம் கிடைத்தது. ஆனால் அந்த நிலத்தில் கூத்துக்கும் ஒரு பங்கு இருந்ததை யாரும் பேரேட்டில் ஏற்றவில்லை.

கோயிலின் பங்கை மட்டும் ஏற்றினார்கள். அரசியல் சட்டத்தின் 290-ஏ பிரிவைப் பாருங்கள். திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கேரளம் ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாயும், தன்னோடு சேர்ந்த தென் திருவிதாங்கூர்க் கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13.5 லட்சமும் தரவேண்டும் என்று 1956-லேயே எழுதிவிட்டார்கள். இது சட்டசபையில் ஓட்டுக்குப் போகாத செலவு. சாக்கியாருக்கு வருவதோ 'கிராண்ட்'. கஜானா வறண்டால் முதலில் நிற்பது அதுதான். 2024 கடைசியில் கேரள கலாமண்டலத்தில் பணமில்லை என்று நூற்றுக்கும் மேற்பட்ட தற்காலிக ஆசிரியர்களையும் ஊழியர்களையும் ஒரே உத்தரவில் நிறுத்தியதும், எதிர்ப்புக் கிளம்பியதும் உத்தரவை வாபஸ் வாங்கியதும் அன்பர்களுக்கு நினைவிருக்கும்.

"சென்னை சபாக்கள் டிக்கெட்டிலும் ஸ்பான்சரிலும் நடக்கவில்லையா?" என்பார்கள். கச்சேரி இரண்டரை மணியில் முடிகிற சரக்கு. கூடியாட்டத்தில் மந்த்ராங்கம் முழுசாக ஆட 41 நாள். டிக்கெட்டுக்காக அதை இரண்டு மணியாகத் தறிக்கலாம். மீதியை ஆட ஆள் வேண்டாம் என்றாகும், அப்புறம் அதைச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டாம். நம் வலியசாலையில் மார்கியின் அரங்கில் நான் பார்த்த நாட்களில் கூட்டம் குறைவுதான். அந்தத் தலைகளை எண்ணி டிக்கெட் போட்டால் விளக்குக்கு எண்ணெய் வாங்கக்கூடக் காணாது.

சரி, தனியார் தர்மம்? எங்கள் சமணரில் நோன்பு முடித்தவர்கள் நூலைப் படியெடுத்துத் தானம் செய்வதுண்டு. சாத்திர தானம் என்று பெயர். எந்த ராஜாவையும் எதிர்பார்க்காமல் ஏடுகள் பிழைத்தன. ஆனால் ஏட்டுக்குப் பசிக்காது. வருஷக்கணக்கில் கண்ணையும் கையையும் பழக்குகிற பையனுக்கு மாசாமாசம் ஏதாவது வேணுமே!

ஓட்டுக்குப் போகாத செலவு இன்னது என்று மாநில சட்டசபையே சட்டம் போட்டு அறிவிக்கலாம். அரசியல் சட்டத்தின் 202-ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆசானின் சம்பளத்தையும் மாணவனின் உதவித்தொகையையுமாவது அந்தக் கணக்கில் சேர்க்கலாம். விழாவும் பந்தலும் ஊர்வலமும் கிராண்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வருஷம் நின்றாலும் மறுவருஷம் போட்டுக்கொள்ளலாம்.