குற்றவாளி இல்லாத அநீதி

ஸாண்டி, அரசியல் தத்துவவாதி ஐரிஸ் மாரியன் யங் உதாரணத்துக்காகக் கற்பித்துக்கொண்ட பாத்திரம். அமெரிக்காவில் இரண்டு குழந்தைகளோடு தனியாக வாழ்பவள். குடியிருக்கும் கட்டிடத்தை வாங்கியவன் தனித்தனி வீடுகளாக விற்கப் போகிறான். காலி செய்தாக வேண்டும். புறநகரில் கடை வேலை. பஸ்ஸில் போய்வர தினம் மூன்று மணி நேரம். சேமிப்பைப் போட்டு ஒரு கார் வாங்குகிறாள். பிறகு கிடைக்கிற வீட்டுக்கு மூன்று மாத வாடகை அட்வான்ஸ். பணம் காரில் போய்விட்டது.

நம் கதாசிரியர்கள் என்றால் வீட்டுக்காரனுக்குத் தொந்தியும் தங்கப்பல்லும் வைத்திருப்பார்கள். யங் வைக்கவில்லை. எல்லோரும் மரியாதையாக, சட்டப்படிதான் நடந்துகொள்கிறார்கள். ஆனாலும் அவள் தெருவுக்கு வரும் நிலை. அமைப்பே இழைக்கும் அநீதி என்று வாய்பாடாகக் கேட்டுச் சலித்திருந்த எனக்கு, அது இன்னதென்று உறைத்தது இங்கேதான்.

குற்றவாளி இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போக முடியாது, சபைக்குத்தான் போகவேண்டும். யாராகப் போவது? ஸாண்டி போன்றவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பெண்கள் என்ற தொகுதியை விளக்க 1994-ல் யங் ஸார்த்தரின் பஸ் வரிசையை எடுத்துக்கொண்டார். அவர்களைச் சேர்த்து நிற்க வைத்தது பஸ். இன்னும் அவர்கள் குழு அல்ல. (ஸார்த்தரை மேற்கோளுக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் கவனிக்கலாம்.) குழுவாகிச் சபை ஏறினாலும் அங்கே செல்லுபடியாவது படித்தவனின் நிதானமான தர்க்கம். அதற்குப் பொது நியாயம் என்று பெயர். 1990-ல் ஒடுக்கப்பட்ட குழுக்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கேட்ட யங், 2000-ல் கதை சொல்வதையும் ஜனநாயகப் பேச்சாக ஏற்கச் சொன்னார். இலக்கியக்காரன் என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இருக்கட்டும்.

உடன்பாடில்லாதது வேறு. ஸாண்டி வரும் நூல், யங் 2006-ல் இறந்த பிறகு 2011-ல் வெளிவந்தது. பழி பின்னோக்கியது, பொறுப்பு முன்னோக்கியது. அமைப்பில் பங்குகொள்ளும் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு, பழி இல்லை என்கிறார் அதில். முன்னுரையிலேயே மார்த்தா நுஸ்பாம் மறுக்கிறார்: பொறுப்பை நிறைவேற்றாமல் காலம் கடத்தினால் அதுவே குற்றமாகிவிடாதா? நான் நுஸ்பாம் கட்சி. பழியே கிடையாது என்பது அந்தக் கட்டிடத்தை வாங்கியவனுக்கு ரொம்ப சௌகரியமான தத்துவம். ஆனால் வில்லன் அகப்பட்டதும் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிற நம் பழக்கத்தை யங் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறார். அந்த இடத்தில் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஸாண்டியை யங் அந்த வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். அட்வான்ஸ் புரட்டினாளா என்று சொல்லவில்லை.