நடுகல்லும் நாவலும்: சயாம் மரண இரயில் இலக்கியம் பற்றி ஓர் ஆய்வு

நடுகல்லைப் பற்றிக் கற்பியாத தமிழாசிரியர் இலர். போரில் பட்ட வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்துரைக்கின்றார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளை நாமும் மாணவர்க்கு ஒப்பிக்கச் சொல்லிக் கொடுக்கின்றோம். கல்லில் வீரனின் பெயரும் சிறப்பும் பொறிக்கப்பட்டன என்றும் கூறுகின்றோம். இந்நாட்டில் நம் முன்னோர் பல்லாயிரவர் மாண்ட ஒரு பெருநிகழ்ச்சிக்கு நம் இலக்கியம் எத்தகைய கல்லை நட்டுள்ளது என்ற வினாவை மட்டும் நாம் எழுப்புவதில்லை. அதனை ஈண்டு ஆராய்வோம்.

செராஸ் சாலையிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் படைவீரர் கல்லறைகள் உள்ளன. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் என ஒவ்வொரு கல்லும் ஒரு மனிதனை நமக்கு அறிமுகம் செய்கின்றது. சயாமிலே காஞ்சனாபுரியில் உள்ள போர்க்கல்லறையிலும் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகள் அவ்வாறே போற்றப்படுகின்றனர். அதே பாதையில் அவர்களினும் பன்மடங்கு மிகுதியாக மாண்ட தோட்டத் தமிழர்க்கு அத்தகைய கல் வரிசை இல்லை.

பாதை பிறந்த கதை

1940 செப்டம்பர் 27ஆம் நாள் பெர்லின் நகரில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் உடன்படிக்கை செய்துகொண்டன. ஐரோப்பாவின் தலைமை ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும், கிழக்காசியாவின் தலைமை ஜப்பானுக்கும் என்று உலகத்தைப் பங்கிட்டுக் கொண்ட ஒப்பந்தம் அது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தாபாருவில் ஜப்பானியப் படை இறங்கிற்று. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. பெர்லினில் இட்ட கையெழுத்தின் விளைவு ஈராண்டுக்குள் நம் தோட்டத்து லயத்தின் வாசலுக்கு வந்துவிட்டது.

பர்மாவிலிருந்த படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஜப்பானியர்க்கு இடர் மிகுந்ததாயிற்று. ஆகவே சயாமிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதையை மலையையும் காட்டையும் வெட்டி அமைக்கத் தொடங்கினர். 60,000க்கு மேற்பட்ட போர்க் கைதிகளும், மலாயா, பர்மா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏறக்குறைய இரண்டு இலட்சம் ஆசியத் தொழிலாளரும் அதில் உழைத்தனர். கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் 80,000 முதல் 1,00,000 வரை என மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து சென்றோரில் பெரும்பான்மையோர் பால்மரம் வெட்டிய தமிழர்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. கைதிகளுக்குத் தங்கள் அதிகாரிகள் இருந்தனர். தங்கள் மருத்துவர் இருந்தனர். தோட்டத்து மக்களுக்கோ தலைமையும் இல்லை, மருந்தும் இல்லை. வாந்திபேதி 1943இன் மழைக்காலத்தில் பரவியபோது அவர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். கைதிகள் நாட்குறிப்பு எழுதினர். மறைவாகப் படமும் வரைந்தனர். பின்னர் அவை நூல்களாயின. தோட்டத்தார் வைத்திருந்ததெல்லாம் நினைவு ஒன்றே. மரண எண்ணிக்கையில் முதலிடம் பெற்றோர் ஏட்டில் கடையிடம் பெற்றது இவ்வாறுதான்.

பாலம் கண்ட கண்

இப்பாதையை உலகறியச் செய்தது பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய நாவல். 1957இல் அது திரைப்படமாகி ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதன் பெரும்பகுதி எடுக்கப்பட்ட இடம் இலங்கையின் கித்துல்கல. கதையின் நடு, நிக்கல்சன் என்னும் ஆங்கிலேயத் தளபதியின் மானமும் பிடிவாதமும் ஆகும். பகைவனுக்குக் கட்டும் பாலத்தையே தன் பெருமையாகக் கருதத் தொடங்கும் மனத்தின் திரிபை ஆசிரியர் நுட்பமாகக் காட்டுகின்றார். அத்திறத்தை மறுத்தல் முறையன்று.

ஆனால் ஒன்றை நாம் கேட்டே ஆக வேண்டும். பூல் இந்நாட்டிற்குப் புதியவர் அல்லர். 1936 முதல் போர் தொடங்கும் வரை மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். தமிழ்த் தொழிலாளியை நாள்தோறும் கண்டவர். அவருடைய பாலத்தைக் கட்டுவோர் வெள்ளைக் கைதிகளே. தாம் கண்ட தமிழனை, அவன் பெருந்தொகையாக மாண்ட இடத்தில் அவர் காணவில்லை. இதனைப் பகையென்று கூற வேண்டா, பழக்கம் என்க. மரத்தடியில் வாளியோடு நிற்கும் உருவம் தோட்டத்துக் காட்சியின் பகுதியாகிவிட்டபின், அதற்கு ஒரு கதை உண்டு என்னும் எண்ணம் எழுவதில்லை. பிறர் குறையைக் கூறிய நாம் நம் குறையையும் நோக்குதல் வேண்டும்.

நம் நாவல்கள்

போர்க்கால மலாயாவைத் தமிழ் நாவலில் முதன்மையாக எழுதியவர் ப. சிங்காரம். 1938இல் மேடான் சென்று, போர்க்காலம் முழுதும் இப்பகுதியில் வாழ்ந்து, 1946இல் தாயகம் திரும்பியவர். ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் வெளிவந்தன. பின்னதன் தொடக்கத்தில் ஜப்பானியப் படை மேடானுக்குள் புகும் காட்சியும், கொள்ளையடித்தோரின் தலைகள் மேசைமேல் வைக்கப்படும் காட்சியும் படித்தார் நெஞ்சை விட்டு அகலா. ‘கடலுக்கு அப்பால்’ கதையில் இந்திய தேசிய இராணுவத்திலிருந்து திரும்பும் செல்லையா, துப்பாக்கி ஏந்திய ஒரே காரணத்தால் வட்டிக்கடைக்கு ஆகாதவனாக மதிக்கப்படுகின்றான். போர் முடிந்தபின் வீரத்திற்கு அங்காடியில் விலை இல்லை என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லுதல் அரிது. ஆயினும் சிங்காரத்தின் கண் வணிகர் தெருவிலும் படை முகாமிலும் நிலைத்த கண். தோட்டம் அவர் உலகின் எல்லைக்கு அப்பால் நிற்கின்றது.

தோட்டத்தையும் இரயில் பாதையையும் நடுவாக வைத்தோர் மலேசிய எழுத்தாளர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வந்தது. பாதை முடிந்து முதல் நூலுக்கு ஐம்பது ஆண்டும், அடுத்ததற்கு அறுபது ஆண்டுக்கு மேலும் ஆயின. இத்தாமதம் ஏன்?

என் கருத்தில் அதற்குரிய விடை 1943 அக்டோபர் மாதத்தில் உள்ளது. அம்மாதம் 17ஆம் நாள் கொன்குயித்தாவில் இருபுறத்துத் தண்டவாளங்களும் இணைந்தன. நான்கு நாள் கழித்து, 21ஆம் நாள், சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். ஒரே தோட்டத்திலிருந்து ஒருவன் படைக்குச் சென்றான். அடுத்த லயத்தான் பாதைக்குச் சென்றான். முன்னவனுக்குக் கொடியும் பாட்டும் இருந்தன. பின்னவனுக்கு மண்வெட்டி ஒன்றே இருந்தது. புறத்திணையில் ஊறிய நம் உள்ளம் வீரனைப் பாடிற்று. மண் சுமந்தவனைப் பாடவில்லை. விடுதலை வாங்கித் தருவோம் என்ற அதே அரசுதான் தோட்டத்து மக்களை வாரிச் சென்றது என்ற முரண்பாடும் எழுதுவோர் கையைத் தடுத்திருக்கும். நேதாஜியின் நாட்டுப்பற்றை ஐயுறுவதற்காக இதனைக் கூறவில்லை. 1942இல் பெர்லினில் ஹிட்லரையும் பின்னர் டோக்கியோவையும் அவர் நாடியது அடிமை நாட்டின் நெருக்கடி. அந்நெருக்கடியின் விலையைக் கொடுத்தோரையும் கணக்கில் எழுத வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ரெங்கசாமி ‘இமயத் தியாகம்’ என்னும் நாவலில் படைவீரரையும், ‘நினைவுச் சின்னம்’ நாவலில் பாதையில் மாண்டோரையும் எழுதினார். இரண்டையும் ஒரே கை எழுதியது அவர் செய்த பெருந்தொண்டு.

இலக்கணத்தில் இடமுண்டு

போரிடாது மாண்டோர்க்குக் கல் எடுத்தல் நம் மரபா எனச் சிலர் வினவக்கூடும். சிலப்பதிகாரமே விடை. வஞ்சிக் காண்டத்தில் குன்றக் குரவையை அடுத்துக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என நடுகல்லின் நிலைகளே காதைகளின் பெயர்களாக வருகின்றன. அக்கல் யாருக்கு? வாளேந்திப் பட்ட வீரனுக்கு அன்று. அரசநீதி பிழைத்ததனால் வாழ்விழந்த ஒரு வணிகர் குலப் பெண்ணுக்கு. அநீதியால் அழிந்தோர்க்கும் கல் உண்டு என்று இளங்கோவடிகள் மரபை விரித்துவிட்டார். நமக்கு இலக்கணக் குறை இல்லை. எண்ணக் குறையே இருந்தது.

கல் எடுத்தால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 1944இல் ஜப்பானிய இராணுவம் காஞ்சனாபுரியில் நினைவுத்தூண் ஒன்றை எழுப்பியது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறிக்கப்பட்டுள்ளது. கொன்ற கையே வணக்கம் எழுதிற்று, பெயரை எழுதவில்லை. 2023இல் அதே ஊரில் தமிழர்க்கென நடுகல் நாட்டப்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் பெயர் இன்னும் எஞ்சி நிற்கின்றது. நாஜிகளால் கொலையுண்ட யூதர்களின் பெயர்களை ஜெருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம் உறவினரிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்து, 48 இலட்சத்திற்கு மேல் சேர்த்துவிட்டது. ஓர் இனத்தையே அழிக்க எண்ணிய நாஜிகளின் செயலும், மனித உயிரை உரிச்சாக்கினும் மலிவாக மதித்த ஜப்பானியர் செயலும் ஒன்றல்ல. பெயரைக் காப்பாற்றும் கடமை மட்டும் இரண்டிடத்தும் ஒன்றே.

செராசைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்பிடங்களாகிவிட்டன. லயங்கள் மறைந்தன, அவற்றில் வாழ்ந்தோரின் பிள்ளைகள் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். நடுகல் பாடம் நடத்தும் நாளில் ஆசிரியர் மாணவரிடம் ஒரு வினா விடுக்கலாம்: “உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்? அவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்?” பாட்டியிடம் கேட்டு வருமாறு பணிக்கலாம். வகுப்பில் ஒரு பெயராவது கிடைக்கும். அதைக் குறிப்பேட்டில் எழுதச் செய்க. அதுவே கால்கோள்.