மலைநாட்டில் விஞ்ஞானக் கல்வி

விஞ்ஞானக் கல்வியின் பயன் விடைகளை நினைவில் இருத்துதலன்று. கண்டதை ஆராய்ந்து காரணம் காணும் ஆற்றலைப் பெறுதலேயாம். நம் வகுப்பறைகளிலோ நூல் கூறுவதை ஒப்புவிப்பவனே சிறந்த மாணாக்கனெனக் கொள்ளப்படுகின்றான்.

பூண்டுலோயாவில் யான் ஆசிரியப்பணி தொடங்கிய காலத்து, கொதிநீரில் வெப்பமானியை இட்ட மாணவி ஒருத்தி நூறு பாகைக்குக் குறைந்த அளவையே குறித்தாள். நூலை நம்பி அதனைப் பிழையென்றேன். பிழை என்னுடையதே. உயரம் மிகுந்தோறும் வளியமுக்கம் குறையும், கொதிநிலையும் தாழும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிற் கொதிக்கும். அவள் கண்டது உண்மை. யான் கற்பித்தது மனப்பாடம்.

சொல்லும் இவ்வாறே மயக்கும். மதுவத்தின் செயலால் மா பொங்குதலை நொதித்தல் என்கிறோம். தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்த கொழுந்து செப்பு நிறம் பெறுதலையும் அப்பெயராலேயே வழங்குகின்றனர். பின்னது இலையிலுள்ள நொதியங்களால் நிகழும் ஒட்சியேற்றமாகும். மதுவத்துக்கு ஆண்டு வேலையில்லை. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டைக் காட்டாது விடுதல் முறையோ?

மொழியைக் குறைகூறுவதும் பொருந்தாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். எனவே குறை மொழியிலன்று, முறையிலேயே உளது.

பரீட்சைக்குக் காலம் போதாதென்பர் சிலர். காரணமறிந்து கற்றது மறவாது. மறவாதது பரீட்சைக்கும் உதவும். ஆதலின், மாணாக்கர் தாமே அளக்கட்டும், நூலோடு ஒப்பிடட்டும். இரண்டும் வேறுபடின், முதலிற் கருவியைச் சோதித்துப் பின்னர்க் காரணம் வினவட்டும். அவ்வினா எழும் இடத்திலேயே விஞ்ஞானம் தொடங்குகின்றது. அதனைப் பிழையென்று அடிக்கும் சிவப்பு மையை ஆசிரியராகிய நாம் சற்றே நிறுத்திவைத்தல் வேண்டும்.